கிராணியாரின் கம்பளிக் காற்சட்டை

எங்கள் லயத்து வீடுகளுக்குப் படை வந்தது காட்டிலிருந்தும் அல்ல, சேற்றிலிருந்தும் அல்ல. கிராணியாரின் காற்சட்டையில் ஏறி வந்தது. படை என்றதும் துப்பாக்கி பிடித்த படை என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஜப்பான் படை சைக்கிளில் வந்து ஏற்கெனவே இறங்கியிருந்தது. நான் சொல்வது தோலில் வட்டம் வட்டமாகப் பூத்து, ஓரம் சிவந்து, உட்கார்ந்தால் உட்கார விடாமல் நின்றால் நிற்க விடாமல் அரிக்கிறதே, அந்தப் படை.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலாயாவில், கெடா மாநிலத்துப் புக்கிட் செலம்பாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் மரம் சீவிக்கொண்டிருந்தோம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். தன் நாயைக்கூட மறக்காமல் ஏற்றிக்கொண்டார். எங்களிடம் சொல்லிக்கொள்ளத்தான் அவருக்கு நேரமில்லை.

துரை போன மறுநாளே கிராணியார் பங்களாவுக்குள் நுழைந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதி, எங்களை ஆட்டிவைத்துக்கொண்டிருந்தவர் அவர். "தொரையோட சாமானையெல்லாம் பத்திரமா வைக்கணும். அவரு வந்து கேட்டா நாந்தான பதில் சொல்லணும்?" என்றார். பத்திரமாக வைக்க அவர் கண்டுபிடித்த இடம் அவருடைய உடம்பு. ஒரு வாரத்தில் துரையின் பூட்ஸ், துரையின் முழங்கால் வரை வரும் காலுறை, துரையின் காற்சட்டை எல்லாமே கிராணியார்மேல் நடமாட ஆரம்பித்தன.

அதிலும் ஒரு கம்பளிக் காற்சட்டை. சீமைக்கு லீவில் போகும்போது குளிருக்குப் போட வேண்டுமென்று துரை பெட்டியில் மடித்து வைத்திருந்தது. கெடாவில் காலை பத்து மணிக்கே முதுகில் வேர்வை ஓடும். அந்த வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நின்றவர் உலகத்திலேயே எங்கள் கிராணியார் ஒருவர்தான் இருந்திருப்பார். துரையோ கம்பு மாதிரி ஒல்லி. கிராணியார் அப்படியில்லை. ஊரே மரவள்ளிக் கிழங்கைத் தின்று எலும்பும் தோலுமாய்க் கிடந்த காலத்தில், எங்கிருந்தோ வந்த அரிசியில் வயிறு வளர்த்துக்கொண்டிருந்தார். காற்சட்டைப் பொத்தான் போட அவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். அவர் வீட்டம்மா எதிரில் நின்று இரண்டு பக்கத்தையும் இழுத்து மாட்டுவார். மாட்டியபிறகு அவரால் குனிய முடியாது, சரியாக உட்காரவும் முடியாது. ஆனால் துரை மாதிரி நிற்க முடியும். அது போதும் அவருக்கு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமென்றால், அந்த வீட்டில் துணி துவைத்தவள் நான். ரப்பரை வாங்க ஆளில்லாமல் பால் வெட்டு நின்றுபோனது. ஆண்களை மரங்களைச் சாய்த்துக் கிழங்கு நட அனுப்பினார்கள். என்னைக் கிராணியார் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூலி என்று தனியாக ஒன்றுமில்லை, வடிகஞ்சி கிடைக்கும். சவுக்காரம் கண்ணில் பட்டே பல மாதமாயிருந்தது. விறகுச் சாம்பலைக் கரைத்துத் தெளிய வைத்து அந்தத் தண்ணீரில்தான் துவைப்பேன். கம்பளித் துணி தண்ணீரைக் குடித்தால் லேசில் விடாது. மழைக்காலத்தில் கொடியில் கிடந்து ஈரமாகவே நாறும். "இன்னும் காயலைங்கய்யா" என்பேன். "ஒடம்புச் சூட்டுல காஞ்சிரும், குடு" என்று வாங்கி மாட்டிக்கொள்வார்.

அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தது. அவர் ஒதுங்குகிற இடத்தில் எறும்பு வரிசை பிடித்துப் போகும். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம் அது.

கொஞ்ச நாளில் அவர் கையில் ஆபீசிலிருந்த மரக்கோல் ஒன்று நிரந்தரமாக ஏறிக்கொண்டது. ஆட்களை விரட்டுவதற்கு என்று நினைத்தோம். பிறகுதான் பார்த்தேன், யாரும் பார்க்காதபோது அதைக் காற்சட்டை இடுப்புக்குள் விட்டு மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார். கண் பாதி மூடியிருக்கும். முகத்தில் சாமி கும்பிடுகிறவருக்கு வருகிற மாதிரி ஒரு களை.

வெகு காலத்துக்குப் பிறகு, நான் பேரன் பேத்தி எடுத்தபிறகு, பட்டணத்து டாக்டர் ஒருவர் என்னிடம் படை யாருக்கு வரும் என்று பொறுமையாக விளக்கினார். வேர்வை, ஈரத்துணி, இறுக்கிப் பிடிக்கிற உடுப்பு, காற்றுப் புகாத பூட்ஸ், மடிப்பு விழுந்த வயிறு, சர்க்கரை வியாதி, அடுத்தவர் துணியை வாங்கி உடுத்துவது. இத்தனையில் ஏதாவது ஒன்றிருந்தாலும் போதுமாம். எங்கள் கிராணியார் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எதிலும் குறை வைக்காத மனிதர்.

தினமும் விடிந்ததும் பெரட்டுக்களத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்துவார்கள். முன்பெல்லாம் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதோடு சரி. ஜப்பான்காரன் காலத்தில் கிழக்கே திரும்பி, அவர்கள் ராஜாவுக்கு இடுப்பை வளைத்துக் கும்பிட வேண்டும். கிராணியார் முன்னால் நின்று குரல் கொடுப்பார், எல்லாரும் குனிவோம். அவர் மட்டும் தலையை ஆட்டிச் சமாளித்துவிடுவார். ஒருநாள் குருண் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஜப்பான் சிப்பாய் வந்து நின்று பார்த்தான். அன்றைக்குக் கிராணியார் உண்மையாகவே குனிய வேண்டியதாயிற்று. குனிந்தார். காற்சட்டை பின்பக்கம் இடுப்பிலிருந்து கீழ்வரை 'டர்' என்று பிளந்தது. நாங்கள் குனிந்தபடியே இருந்தோம். மரியாதையால் இல்லை, நிமிர்ந்தால் சிரிப்பு வெளியே வந்துவிடும். குனிந்த இடத்தில் கிராணியாருக்கு அரிப்பும் எடுத்திருக்க வேண்டும். கை தன்னால் பின்னால் போய்ச் சொறிந்தது. ராஜாவைக் கும்பிடும்போது சொறிகிறானே என்று சிப்பாய் வந்து அவர் கன்னத்தில் இரண்டு அறை விட்டான்.

அன்று மாலையே அந்தக் காற்சட்டை எங்கள் வீட்டுக்கு வந்தது. சும்மா வரவில்லை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நல்ல சீமைத் துணிடா. ஒனக்குன்னு எடுத்து வெச்சேன். அந்தச் செவப்புக் கோழியக் கொண்டாந்து குடு" என்றார் கிராணியார். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி. ஆனால் துணி என்ற சொல்லைக் கேட்டாலே வாயில் எச்சில் ஊறிய காலம் அது. நான் அரிசிச் சாக்கில் பாவாடை தைத்துக் கட்டியிருந்தேன். என் வீட்டுக்காரர் ரப்பர் ஷீட்டை வெட்டிக் கோவணமாகக் கட்டியிருந்தார். வெயிலில் அது வெந்து, உள்ளே வேர்வை நின்று, தோலெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கோழியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

பக்கத்து வீட்டு அக்கா கத்திரிக்கோல் கொண்டுவந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். எனக்குத் தோட்டத்தில் உறவென்று இருந்தது அவளும் அவள் புருஷனும்தான். காற்சட்டையைத் தரையில் விரித்துப் போட்டுப் பங்கு பிரித்தோம். ஒரு கால் என் வீட்டுக்காரருக்கு, ஒரு கால் அக்கா புருஷனுக்கு. இடுப்புப் பகுதியை நான் சாக்குப் பாவாடைக்கு உள்பக்கம் பட்டையாக வைத்துத் தைத்துக்கொண்டேன். சாக்கு அறுப்பது நின்றது. மூன்று பேரும் அன்று ராஜாக்கள்.

பத்துப் பதினைந்து நாளில் மூன்று ராஜாக்களும் சொறிய ஆரம்பித்தோம். எனக்கு இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போட்ட மாதிரி வளையம் வளையமாகக் கிளம்பியது. ஆண்கள் இருவரும் கால்களை அகட்டி வைத்து நடந்தார்கள்.

"என்ன அண்ணே, ஒங்களுக்குமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"எனக்கு வலது பக்கம் தம்பி."

"எனக்கு எடது பக்கம்."

"அதான, நீ எடது கால எடுத்த. சரியாத்தான் பங்கு பிரிச்சிருக்காளுங்க" என்றார் அந்த அண்ணன்.

என்னிடமிருந்து அக்காவுக்கு வந்தது, அக்காவிடமிருந்து அவள் மகளுக்கு, அங்கிருந்து எதிர்வீட்டுக்கு. ஒரே துண்டில் நாலு பேர் துவட்டினோம், ஒரே பாயில் படுத்தோம். வேறு என்ன நடக்கும்? ஓடை ஓரத்தில் சீமை அகத்தி நிறைய வளர்ந்திருந்தது. மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்கள். அதன் இலையை உப்போடு அரைத்துத் தேய்த்தால் படை கேட்கும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் உப்புக்கு எங்கே போவது? உப்பில்லாமலே தேய்த்தோம். கொஞ்சம் கேட்டது.

இதற்குள் கிராணியாருக்கு விஷயம் எட்டியது. பெரட்டில் என்னை முன்னால் கூப்பிட்டார்.

"எங்க வீட்டுத் துணிய நீதான தொவைக்கிற? ஒன்னாலதான் எனக்கு இந்த எழவு வந்திருக்கு. சுத்தபத்தம் தெரியாத கூட்டம்! ஒங்களயெல்லாம் மனுசங்களோட நிறுத்தக் கூடாது."

"ஐயா, ஒங்க சிலுவார உடுத்துன பொறவுதான் எங்களுக்கு..." என்று ஆரம்பித்தார் என் வீட்டுக்காரர். காற்சட்டையை நாங்கள் சிலுவார் என்போம்.

"என்னடா, எதுத்தா பேசுற?"

மரக்கோல் அவர் தோளில் விழுந்தது. அந்தக் கோல் அதற்கு முந்தின நிமிடம் எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரியும். அடியைவிட அதுதான் எங்களைக் கூசவைத்தது.

அன்றிலிருந்து களத்தில் இரண்டு வரிசை. படைக்காரர்கள் பின்னால், தள்ளி. படையில்லாதவர்கள் முன்னால். முன்வரிசைக்குத் தலைவன் கிராணியாரின் மைத்துனன், அவர் வீட்டம்மாவின் தம்பி. வேலை ஒன்றும் தெரியாத அந்த இளவட்டத்தைத் தோட்டத்துக்கு ஆட்களை மேய்க்கும் மண்டோராக ஆக்கி, கையில் ஒரு விசிலும் கொடுத்திருந்தார். எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் கோடு கிழித்து, யாராவது கோட்டைத் தாண்டினால் விசில் ஊதுவான். படையால் உடம்பு அரித்ததைவிட அந்த விசிலால் மனசு அதிகம் அரித்தது.

அப்படி ஒரு காலையில் லாரி வந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அரிசி கொடுப்பார்கள், துணி கொடுப்பார்கள், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று கிராணியாரே வீடு வீடாகச் சொல்லியிருந்தார். யாரும் நம்பவில்லை. அங்கே போனவர்கள் ஒருவரும் திரும்பியதாகக் கேள்வியில்லை. லாரியிலிருந்து ஒரு ஆபீசர் இறங்கினான். பின்னால் துப்பாக்கியோடு நாலைந்து சிப்பாய்கள்.

கிராணியார் ஓடிப்போய் வளைந்து நின்றார். பின்வரிசையைத்தான் முதலில் காட்டினார். "இவங்கள ஏத்திக்குங்க துவான், நல்ல பலசாலிங்க" என்று மலாயில் சொன்னார். துவான் என்றால் ஐயா. ஆபீசர் எங்கள் பக்கம் நடந்து வந்தான். அக்கா புருஷன் முன் நின்று அவர் வயிற்றைப் பார்த்தான், தொடையைப் பார்த்தான். அடுத்து என் வீட்டுக்காரர். முகம் கோணிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

"குராப்!" என்று கத்தினான். மலாயில் படைக்கு அதுதான் பேர்.

"இல்ல துவான், இது சும்மா தோல் மேல. வேலைக்கு ஒண்ணும் கெடுதல் இல்ல. ஒட்டாது" என்றார் கிராணியார். சொல்லிக்கொண்டே இருந்தவரின் கை, பழக்க தோஷத்தில், கோலோடு இடுப்புக்குள் போய்விட்டது. ஆபீசர் அந்தக் கையையும் கோலையும் பார்த்தான். அவர் தொட்டுக் கொடுத்திருந்த பேர்ப்பட்டியலைக் கீழே போட்டான். கையைத் தன் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு நேராக முன்வரிசைக்குப் போனான்.

முன்வரிசையில் தெம்பாக இருந்த ஆண்களை எல்லாம் ஏற்றினார்கள். முதலில் ஏற்றியது விசில்காரனை. நல்ல சோறு தின்று தோல் மினுமினுப்பாக இருந்தான் பாவம். "மாமா! மாமா!" என்று கத்தினான். மாமா வளைந்த இடுப்பை நிமிர்த்தவேயில்லை.

லாரி போனபிறகு கிராணியார் வீட்டம்மா களத்துக்கே ஓடிவந்து மண்ணை வாரித் தூற்றினார்.

"ஊருக்கெல்லாம் படையக் குடுத்தீங்களே, எந்தம்பிக்குக் கொஞ்சம் குடுத்திருக்கக் கூடாதா?"

அந்த வார்த்தைக்கு யாராலும் சிரிக்க முடியவில்லை. லாரியில் போனவர்களின் பெண்டாட்டிகள் களத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மிஞ்சியிருந்த ஆண்கள் புத்திசாலிகள். அன்று சாயங்காலமே எங்கள் வாசலில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நேற்றுவரை எங்கள் நிழல் பட்டால் ஒதுங்கியவர்கள். கடைசி வீட்டுக்காரி கையில் இரண்டு கிழங்கோடு வந்தாள். கிழங்கு நடும் வேலையில் இடுப்பு பிடித்துப்போய் அன்று வீட்டில் கிடந்ததால் தப்பியவர் அவள் புருஷன்.

"அந்தச் சிலுவார்த் துண்ட ஒரு ரெண்டு நாளைக்குக் குடேன். அவரு கட்டிக்கிட்டுத் தந்துர்றாரு."

"ரொம்ப அரிக்கும்க்கா."

"அரிக்கட்டுமே. சயாமவிடவா?"

துண்டு வீடு வீடாகப் போனது. கிடைக்காதவர்கள் வந்து என் வீட்டுக்காரரோடு தொடை உரச உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு வட்டம் பெரிது என்று பெருமை வேறு. சீமை அகத்தி இலையை யாரும் தொடவில்லை, ஓடைக்கரையில் செழித்து நின்றது. நாங்கள் படையை வளர்த்தோம். துவைக்காத துணி, துவட்டாத உடம்பு, இறுக்கிக் கட்டிய சாக்குக் கயிறு. டாக்டர் பிற்காலத்தில் எனக்குச் செய்யாதே என்று சொன்ன அத்தனையையும் தோட்டமே ஒற்றுமையாகச் செய்தது.

ஆனால் ஒரு வியாதியை எத்தனை நாள் நம்பியிருக்க முடியும்? என் வீட்டுக்காரருக்குப் படை வயிறு, முதுகு எல்லாம் ஏறிப் புண்ணாகிவிட்டது. கடல் தண்ணீரில் முங்கினால் எரிச்சல் அடங்கும், திரும்பும்போது கிழங்கு மாவைக் கொடுத்து உப்பும் வாங்கி வரலாம் என்று கடலோரத்துக் கோத்தா கோலா மூடாவுக்கு நடந்து போவதாக முடிவானது. அக்கா புருஷனும் கூடப் போவதாக இருந்தார். ஈரக் கிழங்குக் காட்டில் வெறுங்காலில் நின்று நின்று அவருக்குக் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். வெள்ளையாக ஊறி, பிளந்து, ரத்தம் கசிந்தது. நாலெட்டு வைக்க முடியவில்லை.

"நீ போ தம்பி. எனக்கு ஒரு போத்தல்ல கடத்தண்ணி மட்டும் கொண்டா" என்று வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் லாரி வந்தது. இந்தத் தடவை வந்தவன் வேறு ஆள். தோலை அவன் பார்க்கவே இல்லை. வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தான், புஜத்தைப் பிடித்துப் பார்த்தான். எங்கள் ஆட்கள் கட்டியிருந்த துண்டை விலக்கி, வட்டங்களைக் காட்டி, "குராப் துவான், குராப்" என்று அவர்களாகவே சொன்னார்கள். அவன் கொட்டாவி விட்டான். அக்கா புருஷனை இரண்டு சிப்பாய்கள் கைத்தாங்கலாகத் தூக்கி லாரியில் போட்டார்கள். கால் புண்ணைக் காட்டி அக்கா கெஞ்சினாள். ரயில் ரோடு போட அவருக்குக் கால் வேண்டாமா என்று கேட்டாள். அவள் தமிழில் கேட்டதை யாரும் பெயர்த்துச் சொல்லவில்லை. கிராணியார் அன்று ஆபீசுக்குள்ளேயே இருந்தார்.

என் வீட்டுக்காரர் உப்போடும், ஒரு போத்தல் கடல் தண்ணீரோடும் வந்து சேர்ந்தார். அந்தப் போத்தலை அவள் வீட்டு வாசலில் எப்படி வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அக்காதான் வந்து வாங்கிக்கொண்டாள். என்னோடு பல வாரம் அவள் பேசவில்லை. பேசியபோது ஒன்றுதான் சொன்னாள்.

"அதே துணிதான் புள்ள. ஒனக்கு ஒரு கால், எனக்கு ஒரு கால்."

அவள் மகளுக்குத் தலை வாரிவிட்டேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போன சேதி வந்ததும் நாங்கள் முதலில் செய்தது ஓடைக்கரைக்குப் போய் சீமை அகத்தியை மொட்டையடித்ததுதான். தோலைப் பார்க்கிற ஆபீசர் மறுபடி வந்தாலும் வரலாம் என்று அதுவரை யாரும் இலையைத் தொடாததால், என் வீட்டுக்காரர் கொண்டுவந்த உப்பு மிச்சமிருந்தது. அரைத்துத் தேய்த்தோம். எரிந்த எரிச்சலில் ஆடினோம். கொஞ்ச நாளில் வெள்ளைக்காரன் சவுக்காரமும் களிம்பும் அனுப்பினான். எங்கள் இடுப்பில் கறுப்பு வளையம் மட்டும் நின்றது. கிராணியாருக்கு மட்டும் விடவில்லை. எறும்பு அவர் பின்னால் போய்க்கொண்டிருந்தவரை படையும் போய்க்கொண்டிருந்தது.

சயாமிலிருந்து விசில்காரன் திரும்பி வந்தான். கெண்டைக்காலில் குழிப்புண், கன்னத்தில் சதையே இல்லை. அவனுக்கு அக்கா புருஷனைப் பற்றி எதுவும் தெரியவில்லை. வேறு முகாமாக இருக்கும் என்றான்.

துரையும் வந்தார், சிறையில் கிடந்து இன்னும் ஒல்லியாக. கிராணியார் வெள்ளை வேட்டி கட்டி மாலையோடு நின்றார். சாமானையெல்லாம் ஜப்பான்காரன் கொள்ளையடித்துவிட்டான் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, துரைக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னார்: "படைக்காரங்களத் தனி வரிசையில நிறுத்துனேனே, எதுக்குன்னு இப்பப் புரியுதா? சயாமுக்குப் போவாம ஒங்களக் காப்பாத்தத்தான்!" அதையே இங்கிலீஷிலும் சொல்லியிருக்க வேண்டும். துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் வீட்டுக்காரர் தோளைத் தடவிக்கொண்டார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. வேலை வேண்டுமே.

அந்த வாரம் துணி கொடுத்தார்கள். நீலக் கோடு போட்ட முரட்டுத் துணி, ஆளுக்கு இவ்வளவு என்று கிராணியார் முழம் போட்டு வெட்டினார். அக்காவின் முறை வந்தபோது அவளுக்கும் மகளுக்கும் மட்டும் வெட்டிக் கொடுத்தார்.

"அவருக்கு?" என்றாள் அக்கா.

"ஆளு இல்லையே."

"வந்தா உடுத்த வேணாமா?"

கிராணியார் துரையைப் பார்த்தார். துரைக்குத் தமிழ் பாதிதான் புரியும். அக்கா காத்திருக்கவில்லை. துணிக்கட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி, தன் கையாலேயே முழம் போட்டாள். ஒரு ஆண்பிள்ளைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பல்லால் ஓரத்தைக் கடித்துக் கிழித்து, மடித்து, மிச்சத்தை மேசையில் திரும்ப வைத்துவிட்டு நடந்தாள். அவளை யாரும் தடுக்கவில்லை. நானும் என் பங்கை வாங்கிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

அவர் வரவில்லை. இரண்டு தீபாவளி பார்த்துவிட்டு, அந்தத் துணியில் அவள் மகளுக்குப் பாவாடை தைத்தாள்.